சுவரைப் பார்த்த அந்தோனியார்

பொய் சொல்வதற்கு எல்லா ஆயத்தமும் செய்துகொண்டுதான் சூசைதாசன் டென்மார்க்கில் வந்து இறங்கினான். பயணம் ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் கொழும்பில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருத்திவைத்து, மூன்று நாளாகப் பாடமாக்கிக் கொடுத்த பொய்கள் அத்தனையும் அவனுடைய நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. கெட்டகாலம், ஹோர்சன்ஸ் நகரத்து அலுவலகத்தில் முதற்கேள்விக்கே வாயிலிருந்து உண்மை விழுந்துவிட்டது.

“உன்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது யார்?” என்பதுதான் கேள்வி.

ஏஜென்சிக்காரனின் பெயரைச் செத்தாலும் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். வேறு பெயர் ஒன்றும் பாடமாக்கித் தரப்படவில்லை. கிழக்கு பெர்லினில் வழி தெரியாமல் நின்றபோதும், டென்மார்க்கின் கெட்சர் இறங்குதுறையில் நவம்பர்க் குளிருக்குள் செருப்புக் காலோடு இறங்கியபோதும் அவன் கூப்பிட்டது ஒரே ஒருவரைத்தான்.

“அந்தோனியார்தான் கொண்டுவந்து சேர்த்தவர்” என்றான்.

சூசைதாசனின் ஊரான மன்னார்த் தீவுப் பேசாலையில், கடற்றொழிலாளர் கச்சதீவுக் கோவில் அந்தோனியாரைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டால், அவர் ஏதோ அடுத்த வளவில் குடியிருக்கிறவர் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மீன் பட்டால் அவருக்கு மெழுகுதிரி. வலை அறுந்தால் அவரோடு ஒரு கிழமை கோபம். ‘நேற்று அவரிட்டைச் சொல்லிப்போட்டன், அவர் பாத்துக்கொள்ளுவார்’ என்பார்கள். ஊரில் இதைக் கேட்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஹோர்சன்ஸ் ஊர் அப்படியல்ல.

போதாக்குறைக்கு மொழிபெயர்ப்பாளர் இன்பநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து எழுபதுகளிலேயே வந்து எஸ்பியர்க்கில் குடியிருந்த, சொரூப வணக்கத்தை ஏற்காத பெந்தெகொஸ்தே சபைக்காரர். ‘புனிதர்’ என்ற சொல்லை ஒரு சொரூபத்துக்காக உச்சரிக்க அவருடைய மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை. “அந்தோனி என்று ஒருவர்” என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேசைக்கு அப்பால் இருந்தவர் டால்ஸ்கோர். புகலிடம் கோருவோரின் கூற்றுகளைச் சரிபார்க்கும் நிரந்தர சபை என்று ஒன்று இருந்தது. ஆறு மாதத்துக்கென்று அமைக்கப்பட்ட நிரந்தர சபை. அதன் தலைவர் அவர். பேனையைத் திறந்தார்.

“அந்தோனியின் முகவரி?”

“கச்சதீவு.”

“வயது?”

“சரியாத் தெரியாது ஐயா. நல்ல பழைய ஆள்.”

“தொழில்?”

“துலைஞ்சதைத் தேடிக் குடுப்பார்.”

“உன்னைக் கொண்டுவந்ததற்கு என்ன கூலி வாங்கினார்?”

சூசைதாசன் யோசித்தான். “மெழுகுதிரிதான். அதுகூட இன்னும் குடுக்கேல்லை.”

டால்ஸ்கோர் எழுதி முடித்து, எழுந்துபோய் ஒரு சிவப்புக் கோப்பு எடுத்துவந்தார். சூசைதாசனுக்கு ஏற்கெனவே ஒரு நீலக் கோப்பு இருந்தது. சிவப்பு, ஆட்களைக் கடத்துவோருக்கு உரியது. சிவப்பு முடியாமல் நீலம் முடியாது என்பது விதி.

“பயப்படாதே” என்றார் டால்ஸ்கோர், உண்மையான அன்போடு. “இந்தச் சபை எவரையும் நம்பாமல் விட்டதில்லை. நம்பி முடிக்கும்வரை காத்திருக்க வைக்கிறோம், அவ்வளவுதான். சிலர் காத்திருந்து களைத்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்களையும் நாங்கள் நம்பிக்கொண்டுதான் இருந்தோம்.”

சூசைதாசனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடதாசி. அது கிடைத்தால்தான் மனைவி விமலராணியையும் நாலு வயது மகளையும் கூப்பிடலாம். ஊரில் இராணுவச் சுற்றிவளைப்புத் தொடங்கியபின் அவர்கள் இருவரும் மடு மாதா கோவில் வளவில், ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தார்கள். மற்றவர்களுக்கு நாள் காட்டுவது கலண்டர். சூசைதாசனுக்கு அந்தத் தறப்பாள். மழைக்கு முதல் இருவரையும் இங்கே எடுக்க வேண்டும் என்று நினைத்தான். எந்த மழைக்கு முதல் என்று நினைக்கவில்லை.

அடுத்த விசாரணைக்குக் கூப்பிட ஐந்து மாதம் எடுத்தது. சபை அதுவரை சும்மா இருக்கவில்லை. நகர நூலகத்திலிருந்து கலைக்களஞ்சியத்தை இரவல் வாங்கி, தொலைந்ததைத் தேடிக் கொடுக்கும் அந்தோனியைப் பற்றிப் படித்திருந்தது.

“உன்னுடைய ஆள் கச்சதீவில் பிறந்தவரல்ல” என்று டால்ஸ்கோர் ஆரம்பித்தார். “லிஸ்பனில் பிறந்தவர். உண்மையான பெயர் பெர்னாந்து. இதை நீ எங்களுக்கு மறைத்திருக்கிறாய்.”

சூசைதாசன் திகைத்துப்போய் இன்பநாதனைப் பார்த்தான். “அண்ணை, இந்தாள் என்ன சொல்லுது? அந்தோனியார் வெள்ளைக்காரனே?”

“ஓம்” என்றார் இன்பநாதன். “அதுகூடத் தெரியாமலோ தம்பி இவ்வளவு காலமும் மெழுகுதிரி கொளுத்தினனீர்?”

“போர்த்துக்கல்லிலிருந்து மொரோக்கோவுக்குப் போயிருக்கிறார்” டால்ஸ்கோர் தொடர்ந்தார். “அங்கே நோய் வந்து திரும்பும்போது புயல் அடித்துக் கப்பல் சிசிலியில் ஒதுங்கியதாம். கடலில் திசைமாறி வந்தேன் என்பது எங்களுக்குப் பழக்கப்பட்ட கதைதான். ஆனால் இவர் தனி ஆளல்ல. இவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது. தலைவன் பெயர் பிரான்சிஸ், ஊர் அசிசி. தகப்பன் துணி வியாபாரி. மகனோ ஆயருக்கு முன்னால் உடுத்திருந்த எல்லாவற்றையும் கழற்றித் தகப்பனிடம் கொடுத்துவிட்டு வெளியேறியிருக்கிறான். பை இல்லை, செருப்பு இல்லை. ஆகவே அடையாளப் பத்திரமும் இல்லை. கடவுச்சீட்டை விமானத்துக் கழிப்பறையில் கிழித்துப் போட்டவர்களைத்தான் நாங்கள் வழக்கமாகக் காண்கிறோம். காற்சட்டையோடு சேர்த்துக் கொடுத்தவனை இப்போதுதான் காண்கிறோம்.”

அவர் ஒரு மிடறு கோப்பி குடித்தார்.

“பன்னிரண்டு பேர் சேற்றுக் காலோடு ரோமாபுரிக்கு வந்து நிற்கிறார்கள். பொறுப்புள்ள அதிகாரி என்ன செய்திருக்க வேண்டும்? இலக்கம் கொடுத்து வாங்கில் இருத்தியிருக்க வேண்டும். அங்கே இருந்தவர் மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர். அவர் ஒரு கனவு கண்டாராம். இடிந்து விழப்போன கோவிலை அந்தப் பிச்சைக்காரன் தோளால் தாங்கினானாம். உடனே அனுமதி. எழுத்தில்கூட இல்லை, வாயால். எழுத்தில் கொடுக்க இன்னொரு பாப்பரசர் வந்து பதினாலு வருடம் ஆகியிருக்கிறது. கனவு எந்தக் கோப்பில் பதியப்பட்டதென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.”

“ஐயா, மனுசியும் பிள்ளையும் மடுவிலை…”

“அது நீலக் கோப்பு. இன்று சிவப்புக் கோப்பின் நாள்.” டால்ஸ்கோர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் இந்த வேலையில் இருபத்திரண்டு வருடம் இருக்கிறேன். இதைப் படித்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1231 ஜூன் பதின்மூன்றில் இந்த அந்தோனி இறக்கிறார். அடுத்த மே முப்பதில் ஒன்பதாம் கிரகோரி பாப்பரசர் அவரைப் புனிதர் என்று அறிவிக்கிறார். சாட்சி, அற்புதம், விசாரணை, தீர்ப்பு எல்லாம் பன்னிரண்டு மாதம் முடிவதற்குள். ஒருவர் மோட்சத்தில் நிரந்தரமாகத் தங்கலாமா என்ற கேள்விக்கு, பன்னிரண்டு மாதம்கூட இல்லை. அந்த அலுவலகத்தில் ஊழியர்களுக்குக் கோடை விடுமுறையே கிடையாதா?”

சூசைதாசனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. “அப்ப அவர் செத்துப்போன ஆளெண்டு உங்களுக்கும் தெரியுந்தானே ஐயா. சிவப்புக் கோப்பை மூடலாந்தானே?”

“மூட முடியாது” என்றார் டால்ஸ்கோர். “அவர் மோட்சத்தில் வாழ்கிறார் என்று 1232இல் உரிய அதிகாரி ஒருவர் தீர்ப்பளித்திருக்கிறார். மேன்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது. எவரும் எதிர்க்கவில்லை. ஆகவே சட்டப்படி அவர் உயிரோடு இருக்கிறார்.”

முகாமுக்குத் திரும்பியதும் சூசைதாசன் நடந்ததெல்லாவற்றையும் விமலராணிக்கு எழுதினான். முகாம் என்றால் கடற்கரையோரத்தில் வியாபாரம் படுத்துப்போன ஒரு பழைய விடுதி. அவனோடு அறையில் இருந்தவன் சிவானந்தன், சுன்னாகத்துச் சைவப் பெடியன். ஆறு கிழமை கழித்து விமலராணியின் பதில் வந்தது.

‘நீங்கள் அவரைக் கெஞ்சிக்கொண்டு நிக்கிறியள்போலை கிடக்குது. கெஞ்சினால் அவருக்கு இளக்காரம். என்ரை அப்பு வள்ளத்து எஞ்சின் துலைஞ்சநேரம் செய்ததை மறந்துபோனியளோ? திருப்பி வையுங்கோ. விசா வந்தபிறகு இஞ்சாலை திருப்பலாம். பிள்ளைக்கு இருமல். தறப்பாள் ஒரு பக்கம் கிழிஞ்சுபோச்சு.’

பேசாலையிலிருந்து டென்மார்க்வரை சட்டைப்பையில் அவனோடு வந்த நாலு விரல் உயரச் சுண்ணச் சொரூபம் ஒன்று கட்டில் தலைமாட்டில் நின்றது. மண்ணிற அங்கி, ஒரு கையில் லீலிப் பூ, மறு கையில் பாலன். சூசைதாசன் குருசு போட்டுவிட்டு, அந்தோனியாரை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். கடற்கரை ஊர்களில் புனிதர்மாருக்குக் கொடுக்கும் ஆகக் கடுமையான தண்டனை அது. ஒரு கிழமைக்கு மேல் தாங்கிய அந்தோனியார் கிடையாது என்பது விமலராணி வீட்டாரின் அனுபவம்.

சரியாக ஐந்தாம் நாள் முகாமுக்கு விசா வந்தது. சிவானந்தனுக்கு. அவன் தன் ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த பொய்களை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தவன்.

“உங்கடை ஆள் வேலை செய்யிறார் அண்ணை” என்றான் சிவானந்தன், பெட்டியைக் கட்டிக்கொண்டு. “என்ன, கட்டில் மாறிப்போச்சுது. சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டால் ஆருடைய கட்டிலெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

இலையுதிர் காலத்தில் சபை புதிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்தோனியைப் பிடிக்க முடியாவிட்டாலும், சூசைதாசன் கத்தோலிக்கன்தானா என்று சோதிக்கலாம். இருபது கேள்விகள். பிரான்சிஸ் ஐந்து காய வரம் பெற்ற மலை எது? சாமிநாதரின் துறவிகளுக்கு அனுமதி கொடுத்த பாப்பரசர் யார்? கிளாரா எந்த ஞாயிறன்று வீட்டைவிட்டு ஓடினார்?

சூசைதாசன் அந்தோனியார் திருநாள் எந்தத் தேதி, அவருடைய அங்கி என்ன நிறம் என்ற இரண்டுக்கும் பிழையில்லாமல் பதில் சொன்னான். அந்தோனி மீன்களுக்குப் பிரசங்கம் வைத்ததைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டபோது, “அவர் பிரசங்கம் வைச்சவர், நாங்கள் பிடிச்சனாங்கள்” என்றான். அதற்குப் புள்ளி கிடைக்கவில்லை.

மற்றக் கேள்விகளுக்கு அவன் முழித்துக்கொண்டிருந்தபோது இன்பநாதனால் பொறுக்க முடியவில்லை. அவர் வாலிபத்தில் கத்தோலிக்கரோடு தர்க்கம் செய்வதற்கென்றே பாப்பரசர்களை வரிசைப்படி பாடமாக்கியவர். “அல்வேர்னா மலை” என்று முணுமுணுத்தார். “மூன்றாம் ஒனோரியுஸ்” என்றார். “குருத்து ஞாயிறு” என்றார். மூலையில் இருந்த எழுத்தர் பெண் எல்லாவற்றையும் பதிந்தாள்.

முடிவு பதிவுத் தபாலில் வந்தது. சூசைதாசன் இருபதுக்கு இரண்டு, கத்தோலிக்கர் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை. இன்பநாதன் இருபதுக்குப் பதினேழு, ஐயத்துக்கு இடமில்லாத கத்தோலிக்கர்.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று விதிப்படி இன்பநாதனின் செபக்கூடத்துக்கும் போனது. அடுத்த விசாரணைக்கு அவர் வந்தபோது முகம் கறுத்திருந்தது.

“என்னைப் பிரசங்க மேடையிலை ஏற விடமாட்டினமாம்” என்றார். “வீட்டிலை மனுசி என்ரை பெட்டியைத் திறந்து செபமாலை தேடுறாள். தம்பி, உம்மடை அந்தோனியாலை நான் பட்டபாடு.”

“எனக்கும் அவராலை ஒரு பலனும் இல்லாமல்தான் கிடக்குது அண்ணை” என்றான் சூசைதாசன்.

அந்த விசாரணை டிசம்பரில். அலுவலகத்துக்குள் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மேசையில் மெழுகுதிரி, குட்டி டேனிஷ் கொடிகள், கிறீம் பூசிய மூன்று தட்டுக் கேக். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்தான். பிறந்தநாள்தான். சிவப்புக் கோப்புக்கு ஒரு வயது நிரம்பியிருந்தது. ஊழியர் எல்லாரும் எழுந்து நின்று கோப்பைப் பார்த்துப் பாட்டுப் பாடினார்கள். சூசைதாசனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நல்ல கேக்.

“நாங்கள் கிரகோரி பாப்பரசரைத் தாண்டிவிட்டோம்” என்று டால்ஸ்கோர் உரை நிகழ்த்தினார். “அவர் பன்னிரண்டு மாதம் முடியுமுன் அவசரப்பட்டு முடித்ததை நாங்கள் பன்னிரண்டு மாதத்தில் ஆரம்பித்திருக்கிறோம். ஒரு மனிதனை எட்டு நிமிடத்தில் நம்பிவிடலாம். ஆனால் அதற்கு ஒரு சபை எதற்கு?”

கைதட்டல் ஓய்ந்தபின் அவர் நிலவரத்தைச் சொன்னார். கச்சதீவுக்கு அனுப்பிய அழைப்பாணை, அங்கே எவரும் வசிப்பதில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. சபை அதைத் தலைமறைவு என்று பதிந்தது. ஆனால் அந்தோனியின் நாக்கு மட்டும் பாதுவா நகரத்துக் கோவிலில் எழுநூறு வருடத்துக்கு மேலாக அழியாமல் இருக்கிறதாம்.

“நாக்கு இருக்கிறதென்றால் வாக்குமூலம் கொடுக்க என்ன தடை?” என்று கேட்டார் டால்ஸ்கோர். பாதுவாவுக்குக் கடிதம் போனது: மேற்படி நாக்கு வேலை நாளொன்றில் காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், இரண்டு புகைப்படங்களோடு நேரில் வரவேண்டும். பதில் வரவில்லை. நாக்கு ஒத்துழைக்க மறுக்கிறது என்று இன்னொரு தாள் கோப்பில் ஏறியது.

பெப்ரவரியில் டால்ஸ்கோரே இன்பநாதனைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வந்தார். உறைபனி. அறைக்குள் வந்தவர் கட்டில் தலைமாட்டைப் பார்த்ததும் நின்றார்.

“இவரா?”

“ஓம் ஐயா.”

“ஏன் சுவரைப் பார்க்கிறார்?”

“தண்டனை.”

“எவ்வளவு காலமாக?”

“ஏழு மாசம்.”

டால்ஸ்கோர் அதிர்ந்துபோனார். “இது டென்மார்க். இங்கே விசாரணை முடியாமல் ஒருவரை ஓர் அறைக்குள் மாதக்கணக்காக வைத்திருக்க எவருக்கும் உரிமை இல்லை.”

பதினைந்து மாதமாக அந்த அறைக்குள் இருந்த சூசைதாசன் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

டால்ஸ்கோர் தன் கையாலேயே அந்தோனியாரைத் திருப்பினார். குனிந்து பார்த்தார். “கையில் ஒரு குழந்தை இருக்கிறதே. இதை ஏன் முதலே சொல்லவில்லை? இவருடைய பிள்ளையா?”

“இல்லை ஐயா. இவர் துறவி.”

“அப்படியானால் யாருடைய பிள்ளை?”

சூசைதாசன் இன்பநாதனைப் பார்த்தான். இன்பநாதன் முகட்டைப் பார்த்தார்.

“தாய் மரியாள்” என்றான் சூசைதாசன்.

“தகப்பன்?”

“அது பெரிய கதை.”

“உறுதிப்படுத்தப்படவில்லை” என்று டால்ஸ்கோர் எழுதினார். அவருடைய முகம் இளகியிருந்தது. “கைக்குழந்தையோடு ஒரு மனிதர், இந்தக் குளிரில். இது நிலைமையை முற்றாக மாற்றுகிறது. குழந்தை உள்ளவர்களைக் காக்க வைப்பது எங்கள் சபையின் வழக்கமே அல்ல.”

“எனக்கும் ஒரு பிள்ளை ஐயா” என்றான் சூசைதாசன். “மடுவிலை. இருமலோடை.”

“அது நீலக் கோப்பு” என்றார் டால்ஸ்கோர்.

மே மாதம் தீர்ப்பு வந்தது. டால்ஸ்கோர் நின்றபடியே வாசித்தார். இன்பநாதன் கதிரையில் இருந்தபடி மொழிபெயர்த்தார். இந்த வருடம் ஜனவரி முதலாம் தேதியிலிருந்து போர்த்துக்கல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்துவிட்டது. லிஸ்பனில் பிறந்தவரும், உயிரோடு இருப்பதாக 1232இல் தீர்ப்புப் பெற்றவருமான அந்தோனியை இனி வெளிநாட்டவர் போல நடத்த முடியாது. ஆட்கடத்தல் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. அவருக்கும் குழந்தைக்கும் தங்கும் அனுமதி வழங்கப்படுகிறது. ஸ்கீவ நகரத்தில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு, குழந்தைக்குத் தொட்டில், இருவருக்கும் டேனிஷ் வகுப்பு.

“அப்ப நான்?” என்றான் சூசைதாசன்.

“நீ யாரென்று இன்னும் உறுதியாகவில்லை. கத்தோலிக்கன் என்பதும் உறுதியாகவில்லை. ஆனால் அந்தோனியால் தானாக நடமாட முடியாது என்பதைச் சபை நேரில் கண்டிருக்கிறது. ஆகவே அவரைத் தூக்கிச் செல்பவர் என்ற முறையில், அவர் இருக்கும்வரை நீயும் இருக்கலாம்.”

“மனுசி பிள்ளையைக் கூப்பிட?”

“குடும்பத்தைக் கூப்பிடும் உரிமை வீட்டுக்காரருக்குத்தான். அவர் விண்ணப்பித்தால் தாராளமாகப் பரிசீலிப்போம். குழந்தையின் தாய்க்கு முன்னுரிமை.” டால்ஸ்கோர் கையை நீட்டினார். “வாழ்த்துகளை அவரிடம் சொல்லிவிடு.”

ஜூன் பதின்மூன்றாம் தேதி, அந்தோனியார் திருநாளன்று மத்தியானம் சூசைதாசன் ஸ்கீவவில் ரெயிலால் இறங்கினான். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் அந்தோனியாரின் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. தபால்பெட்டியில் அவருக்குக் கொம்யூன் என்ற நகரசபையிலிருந்து மூன்று கடிதங்கள் கிடந்தன. ஒன்றில், டேனிஷ் வகுப்பின் முதல்நாளுக்கு வராததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். சூசைதாசனுக்கு ஒரு கடிதம் மட்டும், முகாமிலிருந்து முகவரி மாற்றி அனுப்பியது. விமலராணியின் எழுத்து.

‘பிள்ளைக்கு இருமல் நிண்டு காய்ச்சல். இப்ப பரவாயில்லை. தறப்பாளுக்கு மேலை ஓலை போட்டிருக்கிறம், அடுத்த மாரிக்குத் தாங்காது. அவரைத் திருப்பித்தானே வைச்சிருக்கிறியள்? மனம் இரங்கித் திருப்பிப்போடாதையுங்கோ. உண்மையை எழுதுங்கோ.’

அவன் சட்டைப்பையிலிருந்து அந்தோனியாரை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தான். வெயில் முகத்தில் பட்டது. லிஸ்பன்காரர் பாலனைக் கையில் ஏந்திக்கொண்டு, சொந்த வீட்டில் சிரித்துக்கொண்டு நின்றார். சூசைதாசன் அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பக் கை நீட்டினான்.

வீட்டுத் திறப்போடு தந்த நிபந்தனைத் தாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏழாம் பந்தியை இன்பநாதன் ரெயில் நிலையத்தில் வைத்து இரண்டுமுறை வாசித்துக் காட்டியிருந்தார்: அனுமதி பெற்றவர் எந்நேரமும் வாசலில் நிற்பவருக்கு முகம் தெரியும்படி இருக்க வேண்டும். சுவரைப் பார்க்க வைக்கப்பட்டிருப்பது கண்டால் அனுமதி ரத்தாகும். தூக்கிச் செல்பவர் அன்றே நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். பரிசோதகர் முன்னறிவித்தலின்றி வருவார்.

நீட்டிய கையைச் சூசைதாசன் எடுத்துக்கொண்டான். அந்த வீட்டில் கட்டில் ஒன்றுதான். தொட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதில் ஏறி, அந்தோனியாருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தான். பிறகு திரும்பாமலே பேனையை எடுத்து, கடதாசியைச் சுவரில் வைத்து எழுதினான்.

‘அன்பின் ராணி, நான் பொய் எழுதேல்லை. இஞ்சை ஒராள் சுவரைப் பாத்தபடிதான் கிடக்கிறார்.’